ஹாரன் அக்கா வாய் மூடிய நாள்

அந்தப் பேருந்துப் பணிமனையில் ஓட்டுநரான அவளுக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருந்தது சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் ஹாரன் அக்கா. உண்மையில் பேருந்தின் ஹாரனை அவள் அதிகம் அமுக்குவதில்லை. தேவையே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று ஒரு குரல் கொடுத்தாள் என்றால், குறுக்கே வந்த கார்க்காரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓரம் கட்டிவிடுவான். அதற்கு மேலேயும் வார்த்தைகள் வைத்திருந்தாள். அவற்றை இங்கே எழுதினால் இந்தக் கதையை யாரும் வீட்டில் சத்தமாகப் படிக்க முடியாது.

இப்படிப்பட்டவளைப் போய், அவளுடைய கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சாமியார் நற்கருணைப் பணியாளராக நியமித்தார் என்றதும் கோயிலில் பாதிப் பேருக்குத் தூக்கம் போனது. ஞாயிறு பூசையில் சாமியாருக்குப் பக்கத்தில் நின்று நன்மை, அதாவது கிறிஸ்துவின் உடல் என்று அவர்கள் நம்புகிற அப்பம், கொடுக்க வேண்டும், பிறகு கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு அதை வீடு தேடிக் கொண்டுபோக வேண்டும். இதுதான் வேலை. இதற்குப் பதவிசானவர்கள், பக்திமான்கள், தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிறவர்கள் என்று எத்தனையோ பேர் அந்தப் பங்கில் இருந்தார்கள். அவர்களை எல்லாம் விட்டுவிட்டு இவளா?

அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்து நேரே போய்க் கேட்டாள்.

"ஃபாதர், ஆள் மாறிப் போச்சா?"

"இல்லம்மா. ஒரு நாள் மழையில உங்க பஸ்ல வந்தேன். கால்ல மாவுக்கட்டு போட்ட ஒருத்தர் ஏறினார். அவர் நொண்டிக்கிட்டே போய் ஒரு இடம் பாத்து உக்காருற வரைக்கும் நீங்க வண்டிய எடுக்கல. பின்னாடி நின்னவங்க எல்லாம் கத்தினாங்க. நீங்க அவங்களவிட மோசமா திருப்பிக் கத்தினீங்க. ஆனா வண்டிய எடுக்கல."

"அதுக்கும் இதுக்கும் என்ன ஃபாதர் சம்பந்தம்?"

"நோயாளி வீட்டுக்குப் போறவங்களுக்கு அந்தப் பொறுமை போதும். வாய மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க."

கோயிலுக்குப் பின்னால் இருந்த குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் அவள் நன்றாக அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் மனைவியே பேசிவிடுவதால் அவருக்கு மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. செய்தியைக் கேட்டதும் "நல்லது" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் பார்த்தால் அவளுடைய நீலச் சீருடை சட்டையை, காலர் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்படி தேய்த்து மாட்டியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவள் துணியைத் தேய்த்தது அதுதான் முதல் தடவை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமையைக் குறைக்க ஆண்டவர் நாத்தனார் என்று ஒருத்தியைப் படைத்திருக்கிறார். வீட்டுக்காரரின் அக்கா. பீடத்துப் பூ ஜாடியிலிருந்து மேசை விரிப்பின் சுருக்கம் வரை அந்தக் கோயிலில் அவள் கண்ணுக்குத் தப்பியது எதுவும் கிடையாது.

"ரோட்டுல போறவன் வாறவன எல்லாம் அந்த வாயால திட்டுவ. அப்புறம் இங்க வந்து 'கிறிஸ்துவின் திருவுடல்'னு அதே வாயால சொல்லுவ. எனக்கு ஒத்துக்காது. ஒரு நாள் உன் வாயே உன்ன மாட்டி விடும். அன்னைக்கு ஃபாதர் அந்தப் பைய உன் கழுத்துலேருந்து கழட்டி வாங்குவாரு பாரு."

சொன்னதோடு விட்டாளா? பூசையில் நன்மைக்கு இரண்டு வரிசை. நடுவில் சாமியார், இடது பக்கம் ஹாரன் அக்கா. நாத்தனாரின் பெஞ்சும் இடது பக்கம்தான். ஆனால் அவள் எழுந்து, எல்லோருடைய முழங்காலையும் இடித்துக்கொண்டு வெளியே வந்து, சாமியார் வரிசையின் வாலில் போய் நின்றுகொள்வாள். ஒவ்வொரு வாரமும், கோயிலே பார்க்க. ஹாரன் அக்கா பார்க்காத மாதிரி இருந்துகொள்வாள். நாள் முழுக்கப் பக்கக் கண்ணாடி பார்த்து வண்டி ஓட்டுகிறவளுக்கு எதுவும் தெரியாமல் போகாது. உள்ளே சுருக்கென்று குத்தும், அவ்வளவுதான்.

நாத்தனார் சொன்ன பை ஒரு சின்ன வெல்வெட் பை. நற்கருணை வைக்கும் வட்டச் சிமிழ் அதற்குள் இருக்கும். கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். அதைத் தைத்துக் கொடுத்தவர் டெய்லர் மாமா. கால் தளர்ந்து வீட்டோடு முடங்கிப்போனவர், மனைவியை இழந்தவர், மகளோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவள் போகும் மூன்று வீடுகளில் கடைசி வீடு அவருடையது. வெள்ளை விரிப்பு போட்ட மேசையில் மெழுகுவத்தி ஏற்றி, சட்டைப் பொத்தானை எல்லாம் மாட்டிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருப்பார்.

அந்த ஞாயிறு முதல் இரண்டு வீடும் ஒழுங்காக முடிந்தன. மூன்றாவது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தாள்.

"விடியக்காலையில குளியலறையில வழுக்கி விழுந்துட்டாரும்மா. இடுப்பெலும்புன்னு சொல்றாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க."

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். என்ன ஏது என்று கேட்டு முடிப்பதற்குள் கைப்பையில் போன் அடித்தது. பணிமனையிலிருந்து. காலை ஓட்டுநருக்குக் காய்ச்சல், வண்டி நிற்கிறது, உடனே வா. அங்கிருந்தே ஓடினாள். போகிற வழியில் ஒரு கடையில் ரொட்டியை வாங்கி நடந்துகொண்டே மென்றாள். மற்ற ஞாயிறுகளில் மூன்றாவது வீட்டை முடித்துக் கோயிலுக்குத் திரும்பி, சிமிழைக் கழுவி வைத்துவிட்டுத்தான் டூட்டிக்குப் போவாள். மூன்றாவது வீட்டுப் படியை விட்டு இறங்கினால் சிமிழ் காலி என்பது உடம்புக்குப் பழகிப்போன விஷயம். அந்தப் பழக்கம்தான் அன்றைக்குக் காலை வாரியது.

வண்டியை எடுத்தாள். பெரிய சிக்னலில் பச்சை விழுந்தது. விழுந்ததுதான் தாமதம், ஒரு ஸ்கூட்டர் ஆசாமி இடது பக்கத்திலிருந்து சர்ரென்று மூக்கை நுழைத்தான். ஹாரன் அக்கா பிரேக்கை மிதித்துவிட்டு, வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே தலையையும் தோளையும் நீட்டினாள். அவனுடைய பரம்பரையிலிருந்தே ஆரம்பிப்பது என்று முடிவு செய்து வாயைத் திறந்தாள்.

சட்டைக்குள்ளிருந்து பை வெளியே வந்து, கயிற்றில் ஆடி, ஜன்னல் சட்டத்தில் டங்கென்று பட்டது.

அவள் வாய் திறந்தபடியே நின்றது. ஸ்கூட்டர் ஆசாமியும் கண்ணை இறுக்கிக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. அவள் மெதுவாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பையை இரண்டு கையாலும் பிடித்துச் சட்டைக்குள் விட்டு, மேல் பொத்தானையும் மாட்டினாள். மாமாவுக்குக் கொண்டுபோன நன்மையை இன்னும் கொடுக்கவே இல்லை, ஆண்டவர் உள்ளே இருக்கிறார். அவள் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில், ரொட்டித் துணுக்கு ஒட்டிய சட்டைக்குள் இருக்கிறார்.

"என்ன தங்கச்சி, தொண்டை கட்டிக்கிச்சா?" பின்னாலிருந்து கண்டக்டர் அண்ணன் வந்தார். அவர் வேறு மதத்துக்காரர், ஓய்வுக்குக் காத்திருக்கிறவர். அவளுடைய வசவுக்கு அவர்தான் முதல் ரசிகர்.

அவள் மெல்லச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு தன் போனில் ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டை நிறுத்தினார், சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"உங்க சாமி நம்ம வண்டியிலயா? அவருக்கு டிக்கெட் போடணுமா, பாஸ் வச்சிருக்காரா?"

"அண்ணே, பேசாம போங்க."

கிண்டல் செய்தாரே தவிர, அவர் பிறகு விசிலைக்கூட மெதுவாகத்தான் ஊதினார்.

இப்போது என்ன செய்வது? சாமியார் சொல்லிக் கொடுத்திருந்தார். நோயாளியைப் பார்க்க முடியாவிட்டால் திரும்பக் கோயிலுக்குக் கொண்டுவந்து, நற்கருணையை வைத்துப் பூட்டுகிற பேழையில் வைத்துவிட வேண்டும். வேறு வழியே இல்லை என்றால் மரியாதையோடு தானே உட்கொள்ளலாம். கோயில் இந்த வழித்தடத்தில் இல்லை. தானே உட்கொள்ளலாம் என்றால், நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, அவளோ இப்போதுதான் ரொட்டியை விழுங்கியிருக்கிறாள், போதாததற்கு ஒருத்தன் பரம்பரையையே இழுக்க வாயைத் திறந்திருக்கிறாள். அப்போதுதான் பொறி தட்டியது. இந்த வண்டி கடைசியில் போய் நிற்கிற இடமே பெரிய ஆஸ்பத்திரி வாசல்தானே! மாமா அங்கேதானே இருக்கிறார்!

வண்டி போய் நின்றதும், மற்ற ஓட்டுநர்கள் டீக்கடைக்குப் போக, அவள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினாள். டெய்லர் மாமா வார்டின் கோடியில் படுத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் மகள். அவளைப் பார்த்ததும் அவர் கண் நேரே அவள் கழுத்துக்குத்தான் போனது.

"வந்துட்டியா டிரைவரம்மா! இவகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன், எங்கிருந்தாலும் வந்துருவான்னு."

நர்ஸ் குறுக்கே வந்தாள். "யாரு நீங்க? என்ன கொடுக்கப் போறீங்க?"

சொன்னாள்.

"கூடவே கூடாது. கொஞ்ச நேரத்துல ஆபரேஷன். தண்ணி ஒரு சொட்டு இறங்கக் கூடாது."

"ஒரு துணுக்கு, சிஸ்டர். அரிசி அளவு கிள்ளிக் குடுக்குறேன்."

"நீங்க அவருக்குக் கிள்ளிக் குடுத்தா, மயக்க டாக்டர் என்னைக் கிள்ளிடுவாரும்மா. வெளிய வந்து டாக்டர் சரின்னு சொன்னப்புறம் தாராளமா குடுங்க."

டெய்லர் மாமாவின் உதடு கோணியது. பெரிய மனிதர், யார் முன்னாலும் அழுது பழக்கமில்லாதவர். "அப்ப நான் தனியாத்தான் உள்ள போகணுமா?" என்றார்.

ஹாரன் அக்கா கட்டிலை நெருங்கினாள். பையை வெளியே எடுத்து, கழுத்திலிருந்து கழற்றாமலே கட்டிலுக்கு மேல் குனிந்தாள். அவர் கையை எடுத்து அதன் மேல் வைத்தாள். அவர் தைத்த பை. அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். மகள் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள்.

"முழிச்சதும் எனக்கு முதல்ல இதுதான்," என்றார். "கஞ்சி தண்ணி எல்லாம் அப்புறம். நீ கொண்டு வருவேல்ல?"

"கொண்டு வரேன் மாமா."

"அதுவரைக்கும் யார்கிட்ட இருக்கும்?"

"என்கிட்டதான். கழுத்துலயே இருக்கும்."

"வண்டி ஓட்டணுமே?"

"ஓட்டுவேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "வாய்...?"

ஆபரேஷனுக்குப் போகிற மனிதர்கூடக் கேட்கிற அளவுக்கு அவள் புகழ் பரவியிருந்தது. "மூடிக்கிட்டு ஓட்டுறேன் மாமா. சத்தியம்," என்றாள்.

கீழே இறங்கி வரும்போதே சாமியாருக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். ஞாயிறு மதியம் அவர் தூரத்துக் கிளைக் கோயிலுக்குப் பூசைக்குப் போய்விடுவார், திரும்பச் சாயங்காலம் ஆகும். பேழையின் சாவியும் அவரோடேயே போய்விடும். ஆக, இனி அவள்தான் பேழை. இது தெரிந்தால் நாத்தனார் என்ன சொல்லுவாள் என்பதும், சாமியார் என்ன செய்வார் என்பதும் அவளுக்கு நன்றாகவே தெரியும். பை போய்விடும். சிமிழைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றியவளை எந்தச் சாமியார் மறுபடி நம்புவார்? போனால் போகட்டும். கொடுத்த வாக்கை முதலில் பார்ப்போம் என்று ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

அன்று மதியம் அந்த வழித்தடத்தில் போனவர்கள் அதைப் பற்றி ரொம்ப நாள் பேசினார்கள். வேகத்தடை வந்தால் பேருந்து தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப்போகிற மாதிரி ஏறி இறங்கியது. ஏறியவர்கள் எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் நகர்ந்தது. பள்ளத்தில் விழவில்லை, திருப்பத்தில் சாயவில்லை. பின் சீட்டில் வழக்கமாகத் தலையில் இடித்துக்கொள்கிற ஒரு பெரியவர், "வண்டி புதுசா?" என்று கண்டக்டரைக் கேட்டார்.

"வண்டி பழசுதான், இன்னைக்கு வந்திருக்கிற ஆளு பெரியவரு," என்றார் கண்டக்டர் அண்ணன். பெரியவர் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து மீசையைத் தடவிக்கொண்டார்.

ரோடு மட்டும் திருந்தவில்லை. ஒருத்தன் வண்டியை நடு ரோட்டில் நிறுத்திவிட்டுப் போனில் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் வலது பக்கம் கை காட்டி இடது பக்கம் திரும்பினான். ஒவ்வொரு தடவையும் வார்த்தை தொண்டை வரை வந்து, பல்லில் முட்டி, திரும்பிப் போனது. கடைசியாக ஒரு டாக்ஸிக்காரன் பக்கத்தில் வந்து நிறுத்தி, அவளை மேலும் கீழும் பார்த்து, "பொம்பளைங்கள எல்லாம் ஓட்ட விட்டா இப்படித்தான் ஊர்ந்து போகும்," என்றான்.

இதற்கு அவளிடம் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு. பணிமனையில் அதைக் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் இருக்கிறார்கள். அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். பொத்தான் போட்ட காலர் கழுத்தை அறுத்தது. 'டேய், என் வண்டியில யாரு வராருன்னு தெரியுமாடா உனக்கு?' என்று மனதுக்குள் கேட்டாள். கேட்டதுமே கோபம் போய் அந்த இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது. ராஜாவைக் கூட்டிக்கொண்டு போகிறவள் ரோட்டில் குரைக்கிறவனுக்குப் பதில் சொல்வாளா? அவனைப் பார்த்துத் தலையசைத்து வழிவிட்டாள். அவன் பயந்துபோய் அடுத்த சந்தில் திரும்பிவிட்டான்.

வெயில் சாயும் நேரம், கடைசி நடை. சந்தை நிறுத்தத்தில் இரண்டு கையிலும் பையோடு ஏறியது யார் என்றால், நாத்தனார். ஏறும்போதே, "இந்த வண்டிதானா, போச்சு," என்றாள்.

சந்தையைத் தாண்டுவதற்குள் ஒரு கார் சந்திலிருந்து நேரே முன்னால் பாய்ந்தது. ஹாரன் அக்கா பிரேக்கை மிதித்தாள். பேருந்து குலுங்கி நின்றது. நாத்தனாரின் பை கவிழ்ந்து உருளைக்கிழங்குகள் படிக்கட்டு வரை உருண்டன. பேருந்து முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தது. அம்மா ஒருத்தி பிள்ளையின் காதைப் பொத்தினாள். நாத்தனாரின் முகத்தில் 'இதோ வருது பாருங்க' என்று எழுதியிருந்தது.

ஒன்றும் வரவில்லை. ஹாரன் அக்கா ஒரு கையை நெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். கார் போகும்வரை காத்திருந்தாள்.

நாத்தனார் கிழங்கைக்கூடப் பொறுக்காமல் முன்னால் வந்தாள். "ஏய், உடம்புக்கு என்ன உனக்கு? பேச்சு மூச்சக் காணோம்?"

அவள் பதில் சொல்லாமல் காலருக்குள் தெரிந்த கயிற்றை விரலால் காட்டினாள்.

"பையா? டூட்டிக்கு எதுக்கு அத..." நாத்தனார் நிறுத்தினாள். "உள்ள இருக்கா?"

தலையாட்டல்.

"காலையிலேருந்தா?"

"டெய்லர் மாமாவுக்கு ஆபரேஷன், அண்ணி. முழிச்சதும் கொண்டு வரேன்னு சொல்லிட்டேன்."

"ஃபாதருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நானே சொல்லப் போறேன்."

நாத்தனார் வாயைத் திறந்தாள், மூடினாள். அன்று அந்தக் குடும்பத்தில் வாயை மூடிய இரண்டாவது ஆள் அவள். பிறகு முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

கண்டக்டர் அண்ணன் கிழங்கைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். "சீட் காலியா இருக்கே, உக்காருங்கம்மா."

"வேணாம்."

"கடைசி வரைக்கும் நிக்கப் போறீங்களா?"

"ஆண்டவர் முன்னாடி இருக்கும்போது நான் காலை நீட்டி உக்காரணுமா? நீங்க போய் டிக்கெட்டக் கிழிங்க."

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. வண்டி நின்றது, கிளம்பியது. அவள் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை அடுத்த ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு ஹாரன் அக்கா திரும்பினால், நாத்தனார் இரண்டு பையையும் டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறாள்.

"நட. நான் முன்னாடி போறேன். மணி இல்ல, மெழுகுவத்தி இல்ல, ஆண்டவர் போறப்ப முன்னாடி ஒரு ஆளாவது போக வேணாமா?"

பார்வையாளர் நேரம். நடைபாதை முழுக்கக் கூட்டம். நாத்தனார் கையை வீசிக்கொண்டு முன்னால் போனாள். "ஒதுங்குங்க! கொஞ்சம் வழி விடுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாற்காலியில் இருந்தவர்கள்கூடக் காலை இழுத்துக்கொண்டார்கள். ஹாரன் அக்கா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, பின்னால் நடந்தாள். லிஃப்ட் பக்கத்தில் ஒரு ஆள் சக்கர நாற்காலியை நடைபாதைக்குக் குறுக்கே போட்டுவிட்டுப் போனில் மூழ்கியிருந்தான். நாத்தனார் இரண்டு தடவை சொன்னாள். அவன் நிமிரவே இல்லை.

"சனியனே! கண்ணப் பொடனியில வச்சிருக்கியா? வீட்டுல சொல்லிட்டு வந்தியாடா?"

நடைபாதை அமைதியானது. அவன் நாற்காலியோடு சுவரில் ஒட்டிக்கொண்டான். நாத்தனார் கையால் வாயைப் பொத்தியபடி மெதுவாகத் திரும்பினாள். காலையிலிருந்து பல்லைக் கடித்து வண்டி ஓட்டியவளும், காலமெல்லாம் அவளைக் குறை சொன்னவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாரன் அக்காவுக்கு உதடு துடித்தது. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு டாக்ஸிக்காரனிடம் பட்டதைவிடப் பெரிது.

"நட, நட," என்றாள் நாத்தனார், காது வரை சிவந்து.

டெய்லர் மாமா விழித்திருந்தார். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும் ஊசி என்பதால் புத்தி தெளிவாக இருந்தது. நர்ஸ் முதலிலேயே சொல்லிவிட்டாள், டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார், கொஞ்சமாகக் கொடுங்கள் என்று. மகள் ஒரு கிளாஸ் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, "குடிக்க மாட்டேங்கறாரு அக்கா. நீங்க வந்தாத்தான் முதல்லன்னு பிடிவாதம்," என்றாள்.

ஹாரன் அக்கா கையைக் கழுவினாள். நாத்தனார் எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் கைத்துணி கொண்டுவந்து கட்டில் மேசையில் விரித்தாள், சுருக்கத்தையும் நீவிவிட்டாள். செபம் சொன்னார்கள். சிமிழைத் திறந்து, வாய் உலர்ந்த மனிதர் என்பதால் அப்பத்தை இரண்டாகப் பிட்டு, சிறிய பாதியை உயர்த்திப் பிடித்தாள்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

நாள் முழுக்க அடைத்துவைத்திருந்த வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை அவளுக்கே புதிதாகக் கேட்டது. டெய்லர் மாமா "ஆமென்" என்றார். இரண்டு பக்கமும் கண்ணீர் தலையணையில் இறங்கியது. பிறகுதான் தண்ணீர் குடித்தார். விடியற்காலையிலிருந்து அப்பாவை விட்டு நகராமல் பூசைக்கும் போக முடியாத மகளுக்கு மற்றப் பாதி.

கிளம்பும்போது அவர் அவள் கையைப் பிடித்தார். "தனியா போகல நான்," என்றார்.

இருட்டுவதற்குள் இருவரும் கோயில் போய்ச் சேர்ந்தார்கள். சாமியார் அப்போதுதான் திரும்பியிருந்தார். ஹாரன் அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. பூட்டிய வீடு, ரொட்டி, சிக்னல், நர்ஸ், வாக்கு, கடைசி நடை வரை சொல்லிவிட்டு, பையைக் கழுத்திலிருந்து கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. பெருமை எல்லாம் போயிருந்தது.

சாமியார் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "தப்புதாம்மா. சிமிழைத் திறந்து பாக்காம டூட்டிக்குப் போயிருக்கக் கூடாது."

"தப்புதான் ஃபாதர்."

"சாவிய நானும் யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போயிருக்கணும். அது என் தப்பு." பையைத் தொட்டுப் பார்த்தார். "வழியில... வாய்?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவுப் பக்கத்திலிருந்து நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை பேசல ஃபாதர். கண்டக்டரையும் கேட்டுட்டேன், காலையிலேருந்து ஒரு வார்த்தை தப்பா வரல. நான் சாட்சி." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பேசினது நான்தான். அத உங்ககிட்டத் தனியா சொல்லணும்."

சாமியார் இருமலை வரவழைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் தோள் குலுங்கியது. "பைய எடுத்துப் போட்டுக்கச் சொல்லுங்க," என்றார் வெளியே பார்த்தபடியே. "அடுத்த ஞாயிறு டெய்லர் ஆஸ்பத்திரியில காத்துக்கிட்டு இருப்பாரு."

நாத்தனார்தான் பையை மேசையிலிருந்து எடுத்தாள். "இந்தா. குனி," என்று சொல்லித் தன் கையாலேயே தம்பி பெண்டாட்டியின் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

மறுநாள் காலை ஹாரன் அக்கா பழைய ஹாரன் அக்காவாகவே இருந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிக்னலில் அதே ஸ்கூட்டர் ஆசாமி நுழைந்தான், பாக்கியோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போனான். பரம்பரையை மட்டும் அவள் விட்டுவிட்டாள். அதைவிடப் பெரிய மாற்றத்தை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறு பூசையில் நன்மை நேரம் வந்தது. ஹாரன் அக்கா இடது பக்கம் போய் நின்றாள். நாத்தனாரின் பெஞ்சில் இருந்தவர்கள் வழக்கம்போல முழங்காலை ஒதுக்கி அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் போகவில்லை. பெஞ்சிலிருந்து நேரே இடது வரிசையில் இறங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக முன்னேறி வந்தாள். ஹாரன் அக்கா இந்தத் தடவை பார்க்காத மாதிரி இருக்கவில்லை. நேராகவே பார்த்தாள்.

நாத்தனார் வந்து நின்றாள். இடது கையை வலது கையின் மேல் வைத்து நீட்டினாள்.

"கிறிஸ்துவின் திருவுடல்," என்றாள் ஹாரன் அக்கா. குரல் உடைந்தது.

"ஆமென்!"

அந்த ஆமென் பேருந்து ஹாரன் மாதிரி கோயில் முழுக்க அடித்தது. பின் பெஞ்சில் கண்ணயர்ந்திருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். நாத்தனார் வாங்கி உட்கொண்டு, நகர்வதற்கு முன் உதட்டசைவாக, "அழாத, வரிசை நிக்குது," என்றாள்.

வரிசை நின்றது. அடுத்த ஆள் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார், அவருக்குப் பின்னால் இன்னும் நிறையப் பேர். ஹாரன் அக்கா யாரையும் பார்க்கவில்லை. நாத்தனார் திரும்பி நடந்து, பெஞ்சுக்குள் நுழைந்து, தன் இடம் பார்த்து உட்காருகிற வரைக்கும் காத்திருந்தாள். அதற்குப் பிறகுதான் அடுத்தவருக்கு எடுத்தாள்.